போர்வைக்குப் பின்னால் மூன்று குரல்

பல் டாக்டர் வீட்டு ஹாலில் ஒரே ஒரு நாற்காலிதான். நல்ல சத்தம் அறையில் ஒரே ஓர் இடத்தில்தான் வந்து கூடுமாம். அந்த இடத்தில் நாற்காலி, நாற்காலியில் டாக்டர். வந்தவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். எதிரே ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அவற்றுக்குப் போகும் வயர் தரையில் பட்டால் ஓசை கெட்டுவிடும் என்று சின்னச் சின்ன மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்திருந்தார். அதைத் தாண்டித் தாண்டியே அவர் மனைவிக்கு நடை மாறிவிட்டது. பாட்டு கேட்கும்போது ஃப்ரிட்ஜ் உறுமுகிறதென்று அணைப்பார். திரும்பப் போட மறப்பார். பால் திரிந்துபோச்சே என்று அந்த அம்மாள் வந்து நின்றால், "அந்த வயலின் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா?" என்பார். பகல் முழுக்கப் பல் குடையும் மிஷினோடு மல்லுக்கு நிற்கிற மனுஷன், சாயந்திரம் கொஞ்சம் நல்ல சத்தம் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டதோடு நிற்காமல் விளக்கவும் செய்வார். அதைத்தான் சகிக்க முடியாது.

அவருக்கு வாய்த்த மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை. மனைவியின் அண்ணன், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து ஹாலில் இறக்கினார். ஒவ்வொன்றும் துணி அலமாரி அளவு. ஒரு பாடகியின் பாட்டையே இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, காலையில் ஆரம்பித்த வாக்குவாதம் மத்தியானம் வரை ஓயவில்லை.

"உங்க பெட்டி கண்ணாடிக்குள்ள நின்னு பேசுது மாப்ள. பாடுறவங்க நம்ம எதிர்ல வந்து உக்காரணும். அதான் உண்மையான சத்தம்."

"பதிவுல என்ன இருக்கோ அது மட்டும் வரணும் மச்சான். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உங்க அலமாரி எல்லாருக்கும் ஜலதோஷம் புடிக்க வைக்குது."

"பதிவு பண்றவனே நான். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தப்பு அங்கதான் ஆரம்பிக்குது!"

பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே அடுப்பையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அந்தப் பாடகியை நீங்க ரெண்டு பேரும் நேர்ல கேட்டிருக்கீங்களா?"

இரண்டு பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

"அசலைக் கேக்காமலேதான் எது அசல் மாதிரி இருக்குன்னு காலையில இருந்து அடிச்சுக்கிறீங்களா?"

மச்சான்தான் முதலில் சுதாரித்தார். தங்கச்சி போன மாதம் தன் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, புது மைக்கைச் சோதிக்க அவள் குரலைப் பதிந்து வைத்திருந்தார். 'சாப்பிட வாங்க, ஆறிப் போகுது' என்று எல்லோரையும் கூப்பிட்ட குரல். அதை வைத்து ஒரு பந்தயம் சொன்னார்: போர்வை கட்டி மறைத்து, இந்தப் பெட்டியில் ஒருமுறை, அந்தப் பெட்டியில் ஒருமுறை, தங்கச்சி நேரிலேயே ஒருமுறை. எது எதுவென்று மாப்பிள்ளை சொல்ல வேண்டும். எந்தப் பெட்டியை மனைவி என்று நினைத்து ஏமாறுகிறாரோ, அந்தப் பெட்டிக்கு வெற்றி.

"நான் தயார்," என்றாள் அவள். "ஆனா என்னைக் கண்டுபிடிக்கலைன்னா ஹால் எனக்கு. பெட்டி, கட்டை, வயர் எல்லாம் வெளிய போயிடணும்."

டாக்டர் சிரித்தார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்குற குரல். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பெட்டி என்ன, கிளினிக்கையே எழுதித் தரேன்."

டாக்டரை வாசலுக்கு அனுப்பிவிட்டு, மச்சான் சத்தம் அளக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு, மூன்று குரலும் ஒரே அளவில் கேட்கும்படி தங்கச்சியைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். பிறகு டாக்டர் வந்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று.

"சாப்பிட வாங்க, ஆறிப் போகுது." முதல் குரல்.

டாக்டர் முகம் மலர்ந்தது. எழுந்தே விடப் பார்த்தார்.

இரண்டாவது குரலுக்கு மூக்கைச் சுளித்தார். மூன்றாவதை இன்னொரு முறை போடச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தவர் போலத் தலையாட்டினார்.

"ரெண்டாவது உங்க அலமாரி மச்சான், மூக்கால பேசுது. முதல்ல வந்தது என் பொண்டாட்டி. அதுல சந்தேகமே இல்ல, என்ன ஒரு உயிர்! மூணாவது என் பெட்டி. என் பெட்டிங்கறதுக்காக நான் மறைக்க மாட்டேன், அதுல குறை இருக்கு."

"என்ன குறை?" மச்சானின் குரல் இறங்கியிருந்தது.

"களைப்பு. பதிவுல இல்லாத களைப்பை அதுவா சேர்க்குது. கடைசி வார்த்தையில கேட்டீங்களா? யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சே கூப்பிடற மாதிரி ஒரு அலுப்பு. எங்க வீட்டுல இவ இப்படியெல்லாம் பேச மாட்டா. வயரை மாத்தினா சரியாயிடும்னு நினைக்கிறேன்."

மச்சான் போர்வையை விலக்கவும் தயங்கினார். அவளே விலக்கினாள்.

"மூணாவது நான்," என்றாள்.

"அப்ப முதல்ல வந்தது?"

"உங்க பெட்டி. நல்லாத்தான் பேசுது. எங்கண்ணன் வீட்டுல நல்லாத் தூங்கி எழுந்து, அண்ணி சமைச்சதைத் தட்டுல போட்டுக்கிட்டுக் கூப்பிட்டேன். அப்படியே பேசுது. கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

டாக்டர் தன் மனைவியின் களைப்பை அணு அணுவாகக் கேட்டிருக்கிறார்; கேட்டுவிட்டு அது மிஷின் கோளாறு என்று சொல்லியிருக்கிறார். அவமானமாக இருந்தது. ஹாலைக் காலி செய்யச் சொல்லிச் சண்டை போடுவாள் என்று காத்திருந்தார். அவள் ஹாலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மச்சான் அலமாரிகளை வேனில் ஏற்றி முடித்தபோது, அவள் ஒரு பையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைத் தாள் கட்டு மடியில்.

டாக்டர் செருப்புகூட மாட்டாமல் ஓடி வந்தார். "எப்ப வருவ?"

"பதிவை உங்களுக்கு விட்டுட்டுதானே போறேன். அதானே உங்க பொண்டாட்டி?"

"நானும் வரேன்."

"முன்னாடி இடமில்லையே மாப்ள," என்றார் மச்சான். "பின்னாடி வேணும்னா ஏறிக்குங்க."

இரண்டு அலமாரிகளுக்கு நடுவே டாக்டர் குந்திக்கொண்டார். வேன் கிளம்பியது. தகரம் கடகடவென்று அதிர்ந்தது, இஞ்சின் இரைந்தது, ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் அலமாரி அவர் தோளில் இடித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். சத்தம் என்று பார்த்தால் அவர் காதில் விழுந்ததிலேயே படுமட்டம். ஆனால் சிரிப்பது யார் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சிரிப்பு வீட்டில் கடைசியாக எப்போது கேட்டது என்று யோசித்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

தகரத்தைத் தட்டினார்.

சிரிப்பு நின்றது. "என்ன வேணும்?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல," என்று கத்தினார் டாக்டர். "பேசிக்கிட்டே வாங்க."