மூன்று பிறவிப் படம்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் ரியாத்திலிருந்து மசூது கூப்பிடுவான். தென்காசியில் மாஜிதா அஸர் தொழுதுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே படத்தை ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். படம் டிவியில், அவன் மூச்சு காதில். கல்யாணமாகி எட்டு வருஷம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைவிட இப்படிப் பார்த்ததுதான் அதிகம்.

வெளியே சாரல். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். மசூதுக்கு லீவு கிடைப்பதெல்லாம் சீசன் முடிந்து பாறை காய்ந்தபிறகுதான். இப்போது அவனுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருப்பதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று போன வாரம் அவளைக் கேட்டிருந்தான். உங்க இஷ்டம் என்றாள். எப்போதும் சொல்வதுதான்.

இன்றைக்குத் தமிழ் பேசும் சீனப் படம். தேவலோகத்துப் பெண் ஒருத்தி படகோட்டியை விரும்புகிறாள். அவன் செத்துச் செத்துப் பிறக்கிறான், ஒவ்வொரு முறையும் அவளை மறந்துபோகிறான். அவள் மட்டும் பனி கொட்டும் பாலத்தில் நின்று காத்திருக்கிறாள்.

"மூணு பிறவியாப் படகுதான் ஓட்டுதான். பிரமோஷனே கிடையாது போல" என்றான் மசூது. மாஜிதா சிரித்தாள். ஆனால் பாலத்தில் நிற்பவளின் முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை. இத்தனை காலம் காத்திருந்தும் இவளுக்கு ஒரு நரைகூட விழவில்லையே. போன மாதம் தலை சீவும்போது மாஜிதா பிடுங்கிப்போட்டது மூன்றாவது வெள்ளைமுடி.

கடைசியில் படகோட்டி அவள் மடியிலேயே செத்தான். அடுத்த பிறவியில் பார்ப்போம் என்று அவள் கண்ணீரோடு சிரித்தாள்.

"நல்ல படம். எப்படியும் சேந்துருவாங்க" என்றான் மசூது.

"அவங்க சேருவாங்க மச்சான். நமக்கு அடுத்த பிறவி கிடையாதுல்லா. இது ஒண்ணுதான்."

அவள் டிவியை அணைத்தாள்.

"போன வாரம் உங்க இஷ்டம்னு நான் சொன்னது பொய்" என்றாள்.

"மாஜி, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு நேத்தே கம்பெனியில சொல்லிட்டு வந்துட்டேனே." குரல் இறங்கிவிட்டது. "நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

உண்மைதான். அவன் மனசு கஷ்டப்படக்கூடாது என்று ஏர்போர்ட்டில்கூட அழாமல் அனுப்பிவைத்தவள் அவள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தாள்.

"இப்ப சொல்லுதேன்" என்றாள். "வந்துருங்க."

எட்டு வருஷத்தில் முதல்முறை. சொன்னபிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு சின்னச் சொல் என்று.