குரூப்பில் கேட்டுவிட்டு வந்தேன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். பெரிய பதவி. அந்தத் திமிரில் மூன்று மாதம் முன்பு தம்பியை நீக்கினேன்.

அவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். யார் எதைப் போட்டாலும் "இதுக்கு ஆதாரம் எங்க?" என்று மூக்கை நுழைப்பான். சித்தப்பா போட்ட இலைச்சாறு வீடியோவுக்கு அவன் எழுதிய பதிலைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போனபின் சண்டையே இல்லை. ஒருவர் சொன்னால் பதினேழு பேர் கைதட்டினோம். எதிர்த்துப் பேச ஆளில்லாததால், நாங்கள் சொன்னதெல்லாம் உண்மை என்றே நம்பினேன்.

அம்மா என்னோடு இருக்கிறார். இலைச்சாறு கொடுத்து, பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றார் அம்மா.

"மாத்திரை வித்தாத்தான் அவனுக்குப் பொழப்பு. அவன் வேற என்ன சொல்வான்?" என்றேன்.

இன்று காலை பல் துலக்கும்போது அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நான் அதைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டேன். ஆம், முதலில் அதைத்தான் செய்தேன். கழிவு வெளியேறுகிறது, பயப்படாதே என்றார் சித்தப்பா. எல்லோரும் ஆமாம் போட்டார்கள். பத்தே முக்காலுக்கு அம்மாவின் வலது கை தொங்கிவிட்டது; பேச்சும் நின்றது. ஆம்புலன்சில் ஏறியதும் பதினேழு பேரில் ஒருவரையும் கூப்பிடத் தோன்றவில்லை. தம்பிக்குத்தான் போன் செய்தேன். எனக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தான்.

"வாய் கோணினது எத்தனை மணிக்கும்மா?" என்றார் டாக்டர்.

"எட்டு மணி இருக்கும்" என்றேன். வெட்கத்தில் வாய் தானாகப் பொய் சொன்னது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போடலாம். நேரம் தப்பிப் போட்டா உயிருக்கே ஆபத்து."

தம்பி என் முகத்தைப் பார்த்தான். போனைத் திறந்து அவனிடம் நீட்டினேன். அதில் நேரம் மட்டுமா இருந்தது? படத்துக்குக் கீழே, "உன் தம்பி காதுக்குப் போகாம பாத்துக்கோ" என்று அண்ணி எழுதியிருந்தாள். "அவனுக்கு அம்மாவவிட வியாபாரம்தான் பெருசு" என்று நான் பதில் போட்டிருந்தேன். அதற்குப் பதினொரு சிரிப்பு.

அவன் எல்லாவற்றையும் படித்தான். இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஆறு பத்து, டாக்டர்" என்றான்.

டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. "அப்ப ஊசி போட முடியாது. வேற என்ன செய்யலாம்னு பாக்கறேன். பேச்சு திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது" என்று உள்ளே போனார்.

தம்பி போனை என் கையில் வைத்தான். குரல் உயரவில்லை.

"ரெண்டு தெரு தள்ளித்தானேக்கா இருந்தேன்."