தகரப் படகின் ஜன்னல்கள்

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்த அன்வர் பாட்சா, கடலில் எல்லை தாண்டியதாகக் கடற்படையிடம் பிடிபட்டு, படகை அங்கேயே பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்த நாளைப் பற்றி மனைவி சாமியாவிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. பொழுது போவதற்காக, பிஸ்கட் டின் தகரத்தில் அதே படகைச் சின்னதாகச் செய்யத் தொடங்கியிருந்தார்.

ஓட்டுநர் அறைக்குச் சதுர ஜன்னல் வைப்பதில்தான் சிக்கல். உளியால் தட்டினால் தகரம் நெளிந்தது. கத்தரியால் வெட்டினால் ஓரம் கிழிந்தது. கிழிந்த தகட்டை அவர் வீசி எறிந்ததும் சாமியா அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு ஓட்டை போட்டா நெளியாதுல்லங்க?"

அப்படியே அவள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் பலகையோடு சேர்த்துத் துளையிட்டார். வட்டமாகச் சுத்தமாக விழுந்தது. பிறகு பலகைகளை எடுத்துவிட்டு, துளைக்குள் மெல்லிய சதுர அரத்தை விட்டு மூலை மூலையாக ராவினார். தகடு அதிராமல் அவள் விரல்களால் அழுத்திக்கொண்டாள்.

மூன்றாவது மூலையில் அவர் கை நின்றது.

"இந்த ஜன்னல் வழியாத்தான் பாத்தேன், சாமியா. துப்பாக்கியோட பக்கத்துல வந்துட்டாங்க. இனி ஒன்னயப் பாக்க மாட்டோம்னு நெனச்சேன்."

அவள் தகட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ராவுங்க. நான் புடிச்சிருக்கேன்ல."

ஜன்னல் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அடுத்ததை ராவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், மீதியையும் அவர் சொல்லத் தொடங்கினார்.