ஸ்பேர் கிண்ணம்

டெப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஓட்டுநர், நடத்துநர், கேட் வாட்ச்மேன், டீ போடுகிறவர் எல்லோருக்கும் அவர் 'சார்ட்' தான். எந்த பஸ்ஸை யார், எத்தனை மணிக்கு, எந்த வழியில் ஓட்டுவது என்று தினமும் பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதி ஒட்டுவது அவர் வேலை. அந்தத் தாளுக்கு டூட்டி சார்ட் என்று பெயர். தாளின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. மனிதருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு சமையலறையைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்தார்கள், ஆனது.

அவர் மனைவி துணிக்கடையில் பில் போடுகிறவள். பன்னிரண்டு வருஷமாக நின்றுகொண்டே பில் போட்டுக் கால் வீங்கியதுதான் மிச்சம். டெப்போவில் புதிதாக ஓட்டுநர்கள் எடுக்கப்போகிறார்கள், பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டதும் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "நின்னது போதும்ங்க. இனி உக்காந்து சம்பாதிக்கறேன்." பெரிய வண்டி ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பு ஆறு வாரம், மாலை ஆறிலிருந்து எட்டு வரை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஃபீஸ் கட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டு வாடகை குறையாது, கரண்ட் பில் குறையாது, பள்ளிக்கூடம் குறையவே குறையாது. குறைக்க முடிந்தது ராத்திரிச் சாப்பாடு ஒன்றுதான். வாரப் பணத்தை அவள் இரண்டாகப் பிரித்தாள்.

"இது ராத்திரிச் சாப்பாட்டுக்கு, இது ஃபீஸுக்கு. ஒரு வாரம் கையைக் கடிச்சாலும் என் கிளாஸ் நின்னுடும். கடையிலேர்ந்து நேரா கிளாஸுக்குப் போயிடுவேன், சமைக்க நான் இருக்க மாட்டேன். உங்களால முடியுமா?"

"முப்பத்தெட்டு பஸ்ஸை மேய்க்கறேன். ரெண்டு அடுப்பை மேய்க்க முடியாதா?" என்றார் சார்ட். அதுவரை அவர் அந்த அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறார், ஒருமுறை அதையும் தீய்த்திருக்கிறார்.

ஞாயிறு மாலையே ஸ்கேலும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். திங்கள் பருப்பு. செவ்வாய் முட்டை. புதன் முட்டைக்கோஸ். வியாழன் மறுபடி பருப்பு, ஆனால் தக்காளி வழியாக. வெள்ளி உருளைக்கிழங்கு. சனிக்கிழமை, வாரம் முழுக்க மிச்சமானதெல்லாம் ஒரே பாத்திரத்தில் ஏறும். பக்கத்தில் ஆட்களின் பத்தி: தான், மகள், மகன், மாமனார். தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தார். தேர் மாதிரி இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் உழைத்தார். டெப்போவில் காலை ஏழிலிருந்து நாலு வரை வேலை. நேராக மார்க்கெட், கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போனால் கோஸ் பாதி விலை. பருப்பை வேகவிட்டுப் பாதியில் அடுப்பை அணைத்து, மூடிமேல் கனமான அம்மிக்குழவியை வைத்துவிடுவார். மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும், கேஸ் மிச்சம். ஏழு மணிக்குச் சாப்பாடு. எட்டு மணிக்குப் பிள்ளைகள் இருவரும் மாடிவீட்டு டீச்சரம்மாவிடம் படிக்கப் போவார்கள். மாமனார் குறட்டைக்குப் போவார். சார்ட் மறுபடி டெப்போவுக்குப் போவார்.

அங்கே ஒரு பழைய வழக்கம். கடைசி வண்டி உள்ளே வராமல் கேட்டைச் சாத்தக்கூடாது. மழையோ பஞ்சரோ, ஒன்பதரைக்கு வரவேண்டியது பதினொன்றுக்கு வந்தாலும் காத்திருந்து, எல்லா வண்டியும் வந்துவிட்டதென்று சார்ட்டில் கையெழுத்துப் போட்டபிறகுதான் பூட்டு. அந்தக் கையெழுத்து அவருடையது. ஒன்பதுக்குப் போனால் போதும். வாட்ச்மேனோடு ஊர்க்கதை பேசுவதற்காக எட்டுக்கே கிளம்பிவிடுவார், அது வேறு விஷயம். மனைவி வீடு திரும்புவது எட்டரைக்கு. அவர் திரும்பும்போது அவள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள். காலையில் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமைதான் என்றாகிவிட்டது.

டெப்போவின் இன்னொரு சட்டத்தையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பத்து வண்டிக்கு ஒரு வண்டி ஓட்டுநரோடு சும்மா நிற்கும். எங்காவது பிரேக்டவுன் என்றால் அது கிளம்பும். அதற்கு ஸ்பேர் என்று பெயர். "ஸ்பேர் இல்லாத சார்ட் ஒரு சார்ட்டா?" என்பது அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி. ஆகவே நாலு தட்டுக்குப் பரிமாறியபின் ஐந்தாவதாக ஒரு பங்கை மூடிபோட்ட கிண்ணத்தில் அலமாரியில் வைப்பார். யாராவது விருந்தாளி வந்துவிட்டால்? மகன் தட்டைக் கவிழ்த்துவிட்டால்? ஸ்பேர் இருக்கிறது, பயமில்லை.

விருந்தாளி வரவில்லை. மகன் கவிழ்க்கவில்லை. ஆனால் காலையில் பார்த்தால் கிண்ணம் காலி. வெறும் காலி இல்லை, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும்.

இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாவது வாரம் விசாரணையில் இறங்கினார். மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. தன் ஆட்சியில் தினம் ஒரு திருட்டு நடக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? முதலில் மகனைப் பிடித்தார்.

"ஸ்பேரைத் தின்னது நீயா?"

"அந்த முட்டைக்கோஸையா? என் தட்டுல இருக்கறதைத் தின்னு முடிக்கவே நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்பா," என்றான் பையன்.

மகளைக் கேட்டார். அவள் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், "எனக்குப் பரீட்சை இருக்குப்பா" என்று போய்விட்டாள். மிச்சம் மாமனார். முப்பது வருஷம் கிடங்குக் காவலாளியாக இருந்தவர், பசி வந்தால் பிடிவாதக்காரர். சார்ட் சுற்றி வளைத்துத்தான் கேட்டார், ஆனாலும் கிழவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"மாப்ளே, மூவாயிரம் நெல் மூட்டைக்குக் காவல் இருந்தவன் நான். ஒரு மணி குறைஞ்சதில்ல. உங்க கோஸுக்கு நான் ஆசைப்படுவேனா? அதைத் தின்னவனுக்கு நாக்கு இருக்கான்னு முதல்ல விசாரிங்க!"

சார்ட் யோசித்தார். பிரேக்டவுனே இல்லாமல் தினம் ஸ்பேர் கிளம்புகிறது என்றால் அது வீண் செலவு. டெப்போவில் என்ன செய்வார்கள்? நிறுத்துவார்கள். நாலாவது வாரம் திங்கட்கிழமை தாளில் ஸ்பேர் கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்தார். பருப்பு ஒரு பிடி குறைந்தது, செவ்வாய்க்கிழமை முட்டை ஒன்று குறைந்தது. டப்பாவில் சில்லறை சேர்ந்தது. அந்த வாரம் முழுக்க நாலு மணி டீயையும் இரண்டு பன்னையும் வைத்துக்கொண்டு, சிக்கனம் என்றால் என்னவென்று டெப்போவுக்கே பாடம் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கியர் மாஸ்டர் வந்தார். ஓட்டக் கற்றுத்தருகிறவர், வாத்தியார். பயிற்சி வண்டிக்கு டீசல் போட டெப்போவுக்குத்தான் வருவார். நேராக சார்ட்டின் மேஜைக்கு வந்து நின்றார்.

"யோவ் சார்ட்டு, எனக்கு நாலு பன் கடன்பட்டிருக்கே நீ."

"நானா?"

"உன் சம்சாரம். தங்கமாத்தான் ஓட்டறாங்க, குறை சொல்ல முடியாது. ஆனா செவ்வாய்க்கிழமை வளைவுல திருப்பறப்போ கண்ணு இருட்டிடுச்சுன்னு பிரேக்கை மிதிச்சாங்க பாரு, கம்பில மோதி என் நெத்தி வீங்கிடுச்சு. ரெண்டு பன்னைக் கொடுத்துச் சாப்பிடுங்கம்மான்னேன். நேத்தும் ரெண்டு. வீட்ல சோறு போடறதில்லையாய்யா நீ?"

சார்ட்டுக்குச் சுள்ளென்று வந்தது. "என்ன பேச்சு மாஸ்டர் இது? தினம் நான்தான் சமைக்கறேன். நாலு பேருக்கு அளவா, ஒரு பருக்கை கூடாம குறையாம!"

"சரி. வீட்ல எத்தனை பேர்?"

"அஞ்சு."

சொல்லி முடித்தபிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. மாஸ்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

டூட்டியில் இல்லாதவர் பெயரைச் சார்ட்டில் எழுதுவதில்லை. இருபத்தோரு வருஷப் பழக்கம். மாலையில் மனைவி வீட்டில் இல்லை. ஆகவே அவள் பெயர் இல்லை. அவ்வளவு அழகாகக் கட்டம் போட்ட கை, கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டது. ஸ்பேரைத் தின்றது யார், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தது யார் என்று இப்போது யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தன்னை நினைத்தே அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு மணிக்கு டீக்காரர் வழக்கம்போல் பன்னை நீட்டினார். "வேண்டாம்," என்றார். "இனிமே வேண்டவே வேண்டாம்."

அன்று உருளைக்கிழங்கு. ஐந்து பங்கு வெந்தது. ஏழு மணிக்குத் தட்டுகள் வந்தன, சோறு வரவில்லை. பாத்திரங்கள் மூடியபடியே இருந்தன. மூடிமேல் அம்மிக்குழவி.

"என்ன மாப்ளே, இன்னைக்கு வாசனையோட சரியா?" என்றார் மாமனார்.

"கடைசி வண்டி வரலை மாமா."

"எந்த வண்டி?"

"உங்க பொண்ணு."

மாமனார் தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். டீச்சரம்மாவிடம் ஒரு மணி நேரம் தள்ளிச் சொல்லியாயிற்று. நாலு பேரும் மூடின பாத்திரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யார் வயிறு முதலில் கத்தியது என்று தெரியவில்லை, பையன் தன்னுடையது இல்லையென்று சத்தியம் செய்தான்.

எட்டரைக்கு அவள் உள்ளே வந்தாள். விளக்கு எரிகிறது, குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, தட்டெல்லாம் காலி. அவள் முகம் வெளிறிவிட்டது.

"என்னங்க, காசு தீந்துடுச்சா? பிள்ளைங்களுக்குக்கூடவா இல்லை?"

"அதில்லைம்மா..."

"எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கிண்ணம் காலியா இருந்தப்பவே புரிஞ்சுபோச்சு. கேட்டா உங்க மனசு கஷ்டப்படும், ஃபீஸை எடுத்துக் கொடுக்கவேண்டி வரும், கிளாஸ் நின்னுடும்னுதான் வாயைத் திறக்கலை. உங்க பங்கையும் பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு வெறும் வயித்தோட டெப்போவுக்குப் போறீங்கன்னு..." பையைத் திறந்து காகிதத்தில் சுற்றின ஒன்றை எடுத்தாள். பாதி பன். "மாஸ்டர் கொடுத்தாரு. உங்களுக்குன்னு வெச்சிருந்தேன்."

சார்ட் அந்தப் பாதி பன்னைப் பார்த்தார். பொய் சொல்ல ஒரு நொடி நாக்கு துடித்தது, பாவம், அதற்கும் தெம்பில்லை.

"நான் சாப்பிட்டேம்மா. தினமும் சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை முட்டைக்கு ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டேன்."

"அப்போ எனக்கு?"

அவர் ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினார். அவள் போய் விரல் வைத்துப் படித்தாள். நாலு பெயர். சிவப்பில் அடித்த கட்டம்.

"இந்த ஸ்பேர்தான் நான் சாப்பிட்டதா?"

"ஆமா."

"அது எனக்குன்னு வெச்சது இல்லையா?"

"பிரேக்டவுனுக்கு."

"அடப்பாவி மனுஷா!" என்றாள். கோபமா, அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை; மூன்றும் முட்டிமோதிக் கடைசியில் சிரிப்புதான் முதலில் வெளியே வந்தது. மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். "மூட்டையை எண்ணத் தெரியாதவனுக்குப் பொண்ணைக் கொடுத்தேனே," என்றார்.

"அஞ்சு தட்டுக்குக் காசு? நாளைக்கு ஃபீஸ் நாள்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருக்கு. நாலு மணி டீயும் ரெண்டு பன்னும், எந்த சார்ட்லயும் வராம வருஷக்கணக்கா ஒரு வண்டி ஓடிட்டிருந்தது. இன்னைக்கு நிறுத்திட்டேன்."

குழவியை இறக்கி மூடியைத் திறந்தார். முதல் தட்டு அவளுக்கு. அவள் அந்தப் பாதி பன்னை அவர் தட்டில் வைத்தாள். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். "உங்களுக்காகத்தான் கொண்டுவந்தது, சாப்பிடுங்க," என்று அவள் விடவில்லை. நாலு பேர் பார்க்க அதை அவர் மென்றார், மென்றார், தொண்டைக்குள் இறங்கவே மாட்டேனென்றது. தண்ணீர் குடித்துத்தான் இறக்கினார். அன்றைக்கு ஊர்க்கதைக்கு நேரமில்லை, டெப்போவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் ஃபீஸ் கட்டியாயிற்று. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கட்டியாயிற்று. ஃபிரிட்ஜ் கதவில் புதுத் தாள், முதல் வரியில் அவள். எட்டரை ஆகாமல் மூடி திறப்பதில்லை. எட்டே காலிலிருந்தே மாமனார் வாசலில் போய் நின்றுகொள்வார். மகள் வருகிறாளா என்று பார்க்கத்தான் என்பார். பசி என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

தேர்வில் அவள் தேறினாள். டெப்போவிலும் எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்வதற்கு முந்தின ராத்திரி, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சார்ட் குழம்பைக் கிளறினார், தொண்டையைக் கனைத்தார், மறுபடி கிளறினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு சார்ட் எழுதணும். புதுசா சேர்றவங்க முதல் ஒரு மாசம்... அது ரூல்மா, நான் போட்டது இல்ல... ஸ்பேர்லதான் இருக்கணும்."

அவள் ஒரு கவளத்தை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"போடுங்க. எனக்கென்ன, பழக்கம்தானே."

மகன் சிரித்ததில் அவனுக்குப் புரையேறிவிட்டது. சார்ட் தலையை நிமிர்த்தவில்லை. கரண்டியை எடுத்து, தன் தட்டிலிருந்த முட்டையை அவள் தட்டுக்கு மாற்றினார்.