அக்கா வீட்டு மெஷின்

மிரெயா நாட்டின் தென்கோடி ஊரான புந்தா அரேனாஸில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் நடத்திய இணைய ரேடியோ நிலையமோ சொந்த ஊரான வால்பராய்சோவில், அக்கா நெலிடாவின் சமையலறையில் இருந்தது. அலமாரிக்கடியில் ஒரு பழைய கணினி, அவ்வளவுதான். அக்கா வீடிருந்த குன்றுத் தெருக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஊரை விட்டுப் போனவர்களும் போனில் கேட்பார்கள். மிரெயா தன் அறையிலிருந்தே கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அதை ஓட்டிவந்தாள். அக்காவிடம் பேசாமலே அக்கா வீட்டுக்குள் போய்வர அது வசதியாக இருந்தது. அப்பா பக்கவாதத்தில் விழுந்த சமயம் பார்த்து மிரெயா தெற்கே கிளம்பிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு அற்றுப்போயிற்று.

ஒரு மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்தவள், ஈரக் கையோடு உட்கார்ந்து பார்த்தாள். யார் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து மெஷினுக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தடுக்க, மெஷினின் காவல் வேலியான ஃபயர்வாலை இறுக்கினாள். 'என்னை மட்டும் விடு' என்ற கட்டளையை முதலில் அடித்திருக்க வேண்டும். களைப்பில் 'எல்லோரையும் தடு' என்பதை முந்தி அடித்துவிட்டாள். திரை உறைந்தது. ரேடியோவும் நின்றது.

வேறு வழியில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"யாரு செத்தா?" என்றாள் நெலிடா எடுத்த எடுப்பில்.

"யாரும் சாகலக்கா. மெஷின்தான்..."

"அதானே! எங்களுக்காகவா கூப்பிடுவ? ரேடியோவ நான்தான் நிறுத்திட்டேன்னு அப்பா திட்டித் தீக்குறாரு."

"அணைச்சுட்டுத் திரும்பப் போடேன்."

போட்டுப் பார்த்தாள். பலனில்லை; அந்தக் கட்டளை உள்ளே பதிந்துபோயிருந்தது. மெஷினுக்குத் தனித் திரை இல்லாததால் டிவியை நகர்த்தி அதில் மாட்டி, கீபோர்டைத் தேடிப் பிடிப்பதற்குள் நெலிடாவுக்கு மூச்சு வாங்கியது.

"முதுகு போச்சுடி. அப்பாவத் தூக்குறது பத்தாதுன்னு இது வேற."

எழுத்தெழுத்தாக மிரெயா சொல்லச் சொல்ல, அக்கா ஒற்றை விரலால் அடித்தாள்.

"கடவுச்சொல் கேக்குது. என்ன?"

மிரெயா தயங்கினாள். "பூசணிக்கா."

சின்ன வயதில் அக்காவை அழவைத்த பட்டப்பெயர்.

"இன்னும் அதையாடி வச்சிருக்க, கழுத!"

"மறக்காதுல்ல."

"அடிச்சா திரையில ஒண்ணுமே தெரியலையே?"

"கடவுச்சொல்லக் காட்டாது. நீ பாட்டுக்கு அடி."

தடை நீங்கியது. போன் வழியே பாட்டு கேட்டது. அதையும் மீறி அப்பாவின் குழறல்.

"என்ன சொல்றாரு?"

"டீ கேக்குறாரு. உன்னையா கேப்பாரு?" நெலிடாவின் குரல் இறங்கியது. "எனக்கு முடியலடி மிரெயா. ஒரு வாரம் வந்து இரு. நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்."

"லீவு கேட்டுப் பாக்குறேன்க்கா."

"கேட்டுப் பாக்குறேன், கீட்டுப் பாக்குறேன்னெல்லாம் சொல்லாத. வரலேன்னா இந்தப் பொட்டியத் தூக்கித் தெருவுல வச்சுடுவேன்."

நெலிடா போனை வைத்துவிட்டாள். மிரெயா மெஷினுக்குள் நுழைந்து, இம்முறை வரிசை பார்த்துக் கட்டளைகளை அடித்து முடித்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும், ஆவி பறக்கும் விரிப்புகளுக்கு நடுவே நின்று சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கொடுத்தார்.