வால்வுக்கு மார்க் போட்டவர்

ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற முத்துக்குமாரு, பிரிக்பீல்ட்ஸில் எல்லாவற்றுக்கும் மார்க் போடுபவர். கோயில் பொங்கலுக்கும் போடுவார், மந்திரிகளின் ஆங்கிலத்துக்கும் போடுவார். மனைவி புனிதவதிக்கு மூச்சு வாங்கியபோது அதற்கும் போட்டார்: "மைல்ட்."

தெருமுனை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, "இதய வால்வில் கொஞ்சம் கசிவு போலிருக்கிறது, ஸ்கேன் எடுங்கள்" என்றிருந்தார். 'கொஞ்சம்' மட்டும்தான் இவர் காதில் ஏறியது. வைத்தியமும் இவரே சொன்னார்: காலையில் லேக் கார்டனைச் சுற்றி நடை. இவர் முன்னால் கைவீசிப் போவார். அவள் மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு வருவாள். "சோம்பல்" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

ஒருநாள் மரத்தடியில் உட்கார்ந்தவளால் வெகுநேரம் எழ முடியவில்லை. எழுந்ததும் தானே டாக்சியை நிறுத்தி, ஸ்கேன் எடுக்கக் கிள்ளானுக்குப் போகச் சொன்னாள். மேற்பார்வை பார்க்க அவரும் ஏறிக்கொண்டார்.

கிள்ளான் கிளினிக்குக்கு இதயத்தை ஸ்கேன் செய்யும் கலர் எக்கோ மெஷின் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டாக்டர் நசீமா புனிதவதியை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, நெஞ்சில் கருவியை வைத்ததும், திரையில் இதயம் சிவப்பும் நீலமுமாகத் துடித்தது. வால்வு மூடும்போதெல்லாம் ஓரமாக மெல்லிய கீற்று ஒன்று பாய்ந்தது.

முத்துக்குமாரு திரைக்கு முன்னால் தலையை நீட்டினார். "பாத்தீங்களோ டாக்டர், நூல் மாதிரி. நான் சொன்னதுதான். மைல்ட்."

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா, மறைக்குது."

நசீமா கருவியைச் சாய்த்தார். கீற்று முடியவில்லை. சுவரைத் தழுவியபடி மேலறை முழுவதும் வளைந்து ஓடியது. நசீமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நடுவுல பீச்சினா பெருசா தெரியும். இது சுவரோட ஒட்டி ஓடுது, அதான் மெலிசா காட்டி ஏமாத்துது. இருங்க, நுரையீரல்லேருந்து ரத்தம் வர்ற குழாயப் பார்ப்போம்... யா அல்லாஹ்! உள்ள வரவேண்டிய ரத்தம் திரும்பி நுரையீரலுக்கே போகுது! அப்புறம் ஆன்டிக்கு மூச்சு வாங்காம என்ன செய்யும்?"

புனிதவதி முழங்கையை ஊன்றி எழும்பினாள். முகத்தில் பரீட்சை பாஸான பிள்ளையின் பூரிப்பு. "அப்ப சோம்பல் இல்லையோ?"

"சோம்பலா? இதோட நடந்தீங்களே, அதுதான் ஆச்சரியம்!"

"டாக்டர், ஒருக்கா இங்கிலீஷில சொல்லுங்கோ. தமிழில சொன்னா இவருக்கு விளங்காது."

"சிவியர்," என்றார் நசீமா. "வெரி சிவியர். ஆனா இதயத் தசைக்கு இன்னும் பலம் இருக்கு ஆன்டி. இப்பவே ஆப்பரேஷன் செஞ்சா, வால்வ மாத்தாமலே ரிப்பேர் பண்ணிடலாம்."

முத்துக்குமாரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரை மாறவில்லை. தொண்டையைச் செருமினார். "எதுக்கும் ஒரு செகண்ட் ஒபினியன்..."

"இதுதான் செகண்ட்," என்றாள் புனிதவதி, சேலையைச் சரிசெய்தபடி. "இத்தனை வருஷமா ஃபர்ஸ்ட் ஒபினியன் உங்கடதுதானே? நீங்கள் சொல்லுங்கோ டாக்டர், ஆஸ்பத்திரியில எப்ப வந்து படுக்கட்டும்?"