ரோடு காலி என்றால் ‘ஆங்’

“ஆங்!”

கிரிதரின் இரண்டு கைகளும் தாமாகவே பிரேக்கை இறுக்கின. புது சைக்கிள் செம்மண்ணில் ஒரு சாண்கூடச் சறுக்காமல் நின்றது. அவன்தான் ஹேண்டில்பார் மேல் கவிழப் பார்த்தான்.

சுற்றிலும் பார்த்தான். மேலே பாறை. இரண்டு பக்கமும் சீத்தாப்பழப் புதர். ஒரு குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவனையே முறைத்தது. வேறு யாரும் இல்லை. தூரத்தில் கோவில் மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது.

காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். காற்றுக்குப் பங்காருவின் குரல் எப்படி வந்தது என்று யோசிக்கப் பயமாக இருந்தது. மீதித் தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினான்.

திருத்தணி மலையின் பின்சரிவில் விறகு பொறுக்குகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் நடந்து நடந்து உண்டான தடம் அது. பள்ளத்தில் விழுந்து, கல்லில் ஏறி, பாதி வழியில் தார் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபடி புதருக்குள் நுழையும். கோவிலுக்குப் போகிற வேனும் காரும் அந்த ரோட்டில்தான் ஏறும். மேலிருந்து வருகிறவனுக்கு ரோடு தெரியாது. வீடு மாதிரி ஒரு பாறை மறைத்துக்கொண்டு நிற்கும்.

1992-ல் இந்தத் தடம் இரண்டு பேருக்குச் சொந்தம். ஒருத்தன் கிரி, மடப்பள்ளியில் சமைத்த சேஷகிரியின் மகன். இன்னொருத்தன் பங்காரு, ரோட்டோரத்தில் தேங்காய்க் கடை போட்டிருந்த கஜபதியின் மகன். பங்காரு வீட்டுக்குள் தெலுங்கு; வாசல் தாண்டினால் தமிழ். இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். தடித்த டயர், கியர் கிடையாது, ரப்பர் கட்டை பிரேக். மழை பெய்தால் அந்தப் பிரேக்கைவிடச் செருப்பு மேல்.

ஒருத்தன் மேலிருந்து இறங்க, மற்றவன் ரோட்டில் நிற்க வேண்டும். ரோடு காலி என்றால் ‘ஆங்!’ என்று கத்த வேண்டும். வண்டி வந்தால் வாயையே திறக்கக் கூடாது. சத்தம் வரவில்லையென்றால் இறங்குகிறவன் பாறைக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். சட்டம் போட்டது பங்காரு.

“காத்துல பாதி வார்த்தை போயிடும்டா. ஒரே சொல்லுன்னு வச்சிக்கினா கொழப்பமே வராது” என்றான்.

அன்றைக்கும் ‘ஆங்’ கேட்டது. கிரி பிரேக்கிலிருந்து கையை எடுத்தான். பாறையைத் தாண்டியதும் எதிரே வேன். ரப்பர் கட்டைகள் கிறீச்சிட்டன, சைக்கிள் நிற்கவில்லை. பங்காரு ஓடி வந்து அவனைத் தள்ளிவிட்டான். கிரிக்குத் தோள் எலும்பு போனது. பங்காரு போயே போய்விட்டான்.

போலீஸ் கேட்டபோதும் ஊர் கேட்டபோதும் கிரி நடந்ததைத்தான் சொன்னான். “ஆங்னு சொன்னான். வந்தேன்.”

பையன் விளையாட்டுக்குக் கூப்பிட்டு, அந்த விளையாட்டிலேயே போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. கிரிக்குத்தான் முடியவில்லை. வேனைப் பார்த்துக்கொண்டே ஏன் கூப்பிட்டான்? என்மேல் அவனுக்கு என்ன கோபம்?

பெங்களூரில் வேலை கிடைத்தபோது அவனுக்குப் பெரிய நிம்மதி. ‘ஆங்’ என்று யாரும் சொல்லாத ஊர். மனைவி தேவசேனா ‘ஆமாங்க’ என்று சொல்கிற ஊர்க்காரி. அம்மா போனில் ‘ஆங், சொல்லுடா’ என்றால் மட்டும் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பான்.

பதினாறு வருஷம் சைக்கிளைத் தொடவில்லை. ஆபீஸ் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச் சைக்கிள் ஓட்டக் கிளம்பியபோது ஏதோ வேகத்தில் அவனும் ஒன்று வாங்கினான். முன்பக்கம் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், விரலால் தட்டினால் மாறும் கியர். மிதிக்காமல் இறங்கும்போது பின்சக்கரத்திலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று கடிகாரம் போல ஒரு சத்தம். முதல் சரிவிலேயே அந்த டிக் டிக்குக்கு நடுவில் குரல் கேட்டது. அன்றிலிருந்து தூக்கத்திலும்.

தேவசேனாதான் சொன்னாள். “ஒண்ணு சைக்கிளை வித்துடுங்க. இல்லேன்னா அந்த எடத்தை ஒரு தடவை ஓட்டித் தாண்டிட்டு வந்துடுங்க. நடுராத்திரி எழுந்து உக்காந்தா எனக்குத்தான் பயமா இருக்கு.”

அதற்காகத்தான் வந்திருந்தான். இப்போது தள்ளிக்கொண்டு நிற்கிறான்.

ரோட்டோரத்தில் தேங்காய்க் கடை அப்படியே இருந்தது. உள்ளே பங்காருவின் தங்கை துர்கா.

“வாங்க கிரிண்ணா! இன்னா இது, ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, பெல்லு இல்ல. கடைக்காரன் பாதி சைக்கிளத்தான் குடுத்தானா?”

அவன் சிரிக்கவில்லை. “இப்ப நீ கத்தினியா துர்கா?”

“நானா? தேங்கா அடுக்கிகினு இருக்கேன். ஏன், இன்னா கேட்டுச்சி?”

அவன் பாறையைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள்.

“ஓ. அதானா. உங்களுக்கு எப்பவோ ஒரு தபா கேக்குது. எனக்கு தெனமும். பசங்க இந்தப் பக்கம் போறப்பல்லாம் ‘ஆங்’னு கத்திட்டு ஓடுதுங்க. இது ஆங் கடையாம். நைனா இங்க வந்தே பல வருசமாச்சி. புள்ள பேர ஒருத்தரும் சொல்றதில்ல அவருகிட்ட. ‘ஆங் சொன்னவன் அப்பன்’தான்.”

“கேட்டதைத்தான் நான் சொன்னேன்.”

“பொய்யின்னு சொல்லலியே. தப்பா கேட்டிருந்தா?”

“ஒரே சொல்லு துர்கா. அதுல தப்பா கேக்க என்ன இருக்கு?”

துர்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தாள். ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கத்து மைல்கல் அருகே நின்றாள். பங்காரு நின்ற இடம்.

“மேல ஏறுங்க. நான் நின்னு பாக்கறேன். காலியா இருந்தா ஆங். வண்டி வந்தா வாயத் தொறக்க மாட்டேன். அதான சட்டம்?”

“வேண்டாம்.”

“பயமா?”

“ஆமா.”

“எனக்குந்தான். வேன பாத்துகினே எங்கண்ணன் எப்படி அப்படி சொல்லும்னு எனக்குத் தெரிஞ்சாவணும். ஏறுங்க.”

சிறிய கியரில் போட்டு மிதித்தான். பழைய சைக்கிளில் பாதி தூரம் தள்ளித்தான் போக வேண்டியிருக்கும். இது ஆடு மாதிரி ஏறியது. உச்சியில் திரும்பி நின்றபோது தோள் பழைய இடத்தில் வலித்தது. கீழே பாறை மட்டும் தெரிந்தது. அவள் தெரியவில்லை.

பிரேக்கை விட்டான்.

டிக் டிக் டிக் டிக். கற்கள் சக்கரத்துக்கு அடியில் உருண்டன. ஷாக் அப்சார்பர் அமுங்கி எழுந்தது. சீத்தாக் கிளைகள் கையில் அடித்தன. காது மட்டும் முன்னால் ஓடியது. சத்தம் இல்லை. பாறை நெருங்கியது. இன்னும் சத்தம் இல்லை. விரல்களைப் பிரேக் மேல் வைத்தான். சட்டப்படி இப்போது நிற்க வேண்டும்.

“ஆங்!”

உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் குரல். காற்றும் இல்லை, கனவும் இல்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவனைப் பயமுறுத்தவில்லை. விரல்களை எடுத்தான். இரண்டு மிதி மிதித்தான். பாறையைத் தாண்டினான்.

எதிரே வேன்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தான். பின்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. அவனும் சைக்கிளும் ஒன்றாகச் சாய்ந்து ரோட்டோரத்து மண்ணில் விழுந்தார்கள். வேனின் டயர் அவன் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி உரசிக்கொண்டு போய் நின்றது.

“யோவ்! சாவறதுக்கு வேற மலை கெடைக்கலியா?” டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினான். உள்ளேயிருந்து யாரோ நடுங்கும் குரலில் ‘அரோகரா’ என்றார்கள். வேன் உறுமிக்கொண்டு மேலே போனது.

துர்கா ஓடி வந்தாள். அவள் கையைப் பிடித்து எழுந்த கிரி, அந்தக் கையையே உதறினான்.

“ஏன் கூப்பிட்டே? வேன் வருது, பாத்துண்டே நிக்கறே, ஏன் ஆங்னு சொன்னே?”

“நானா?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நான் எங்க சொன்னேன்? வண்டி வருதுன்னு வாயப் பொத்திகினுதான் நின்னேன். ஆனா அந்த டிக் டிக் கிட்ட வந்துகினே இருக்குது, நிக்கவே இல்ல. ‘ஆகு, ஆகு’ன்னு தொண்டை கிழியக் கத்தறேன், நீங்க பாட்டுக்கு மிதிச்சிகினு வர்றீங்க!”

“என்னன்னு கத்தினே?”

“ஆங், ‘ஆகு’ன்னுதான். நில்லுங்கன்னு.”

“ஆகு” என்று கிரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். இன்னொரு தடவை, பாறைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி. கடைசி எழுத்தைக் காற்று கொண்டுபோனது.

மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“ஆனா என்கிட்ட நீ தெலுங்குல பேசினதே இல்லியே துர்கா. அவனும் ஒரு நாள்கூடப் பேசினதில்லே.”

துர்கா, வேன் போன பக்கத்தைப் பார்க்கவில்லை. தன் அண்ணன் விழுந்து கிடந்த தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயந்துட்டா எங்க வூட்ல யாருக்கும் தமிழ் வராது, கிரிண்ணா.”